எங்கள் வீட்டு மேஜையில் வெனிலா பீர்

டீ டேஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டவளின் கஷ்டம் இன்னொரு டீ டேஸ்டரின் மனைவிக்குத்தான் தெரியும். குன்னூரில் அப்படி நாலைந்து பேர் இருக்கிறோம். எங்காவது சந்தித்துக்கொண்டால் எங்கள் பேச்சு முழுக்கத் தாளிப்பைப் பற்றித்தான் இருக்கும். தேயிலை ருசி பார்க்கும் நாளில் வீட்டில் வெங்காயம் வதங்கக்கூடாது. பெருங்காய டப்பாவைத் திறக்கக்கூடாது. ஊதுபத்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது, தலையில் மல்லிகைப்பூ கிடையாது. ஒரு தடவை இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தெரியாத்தனமாக ஹாலுக்குள் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, இருக்கிற ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். டிசம்பர் மாதக் குளிர் வேறு. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கூத்தெல்லாம் ஆபீசோடு முடிந்துவிடும். ஓய்வு பெற்றதும் நிம்மதி என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். சின்ன ஃபேக்டரிக்காரர்கள் சாம்பிள் பொட்டலங்களை வீட்டுக்கே கொண்டுவர ஆரம்பித்தார்கள். என் சாப்பாட்டு மேஜை பறிபோயிற்று. வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைப்பார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சுவார். வாய்க்குள் சுழற்றி, பக்கத்தில் இருக்கும் பித்தளைப் படிக்கத்தில் துப்புவார். ஒரு சொட்டு விழுங்க மாட்டார். அந்தப் படிக்கத்தைத் தேய்த்துக் கழுவுவது யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இந்தப் பழக்கம் தேயிலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாம்பார் ஊற்றினால் ‘ஃப்ளாட்டா இருக்குது’ என்பார். ரசத்தில் ‘பாடி இல்லை’, அதாவது கெட்டி இல்லை, என்பார். கோயமுத்தூரில் என் அண்ணி ஆசையாகச் செய்துவைத்த பாயசத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பால் அடிப்பிடித்ததைச் சபையில் சொன்ன மனுஷன் அவர். அண்ணி அன்றைக்கு அழுதாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ‘நல்லாருக்கு’ என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால் நாக்கு அழுகியா போய்விடும்?

எங்களுக்கு ஒரே மகள். கோயமுத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். பெங்களூரில் வேலை கிடைத்தது என்றாள். என்ன வேலை என்று கேட்டதற்கு முதல் ஆறு மாதம் ‘ஃபுட் கம்பெனி’ என்று மழுப்பினாள். அப்புறம் ஒருநாள் சமையலறை மேடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: சொந்தமாக பீர் காய்ச்சி விற்கிற ஒரு கடையில் அவள்தான் காய்ச்சுகிறவள். எனக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது. ஒறம்பரைகளுக்கு, சொந்தபந்தங்களுக்கு, நான் இன்றுவரை ‘ஃபுட் கம்பெனி’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது, “என்ன கம்பெனிங்க, பிஸ்கட்டுங்களா?” என்று கேட்டால், “அந்த மாதிரித்தானுங்க” என்பேன்.

அவள் அப்பா கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் கத்தவில்லை. அந்த வேலையைப் பற்றி வாயையே திறக்கவில்லை, அதுதான் கொடுமை. அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வராது. என் கொழுந்தனார், அவருக்கு ஒரே தம்பி, குடித்தே செத்தார். டாஸ்மாக் வாசலிலிருந்தும், மார்க்கெட் படியிலிருந்தும், ஒருமுறை மழைத்தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஓரத்திலிருந்தும் தம்பியைத் தோளில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். கொள்ளி வைத்ததும் இவர்தான். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை பீர் காய்ச்சுகிறாள் என்றால் வயிறு எரியாதா? எரியட்டும். ஆனால் பிள்ளை என்ன செய்தாள்? அவளிடம் பேசாமல் இருந்தால் செத்தவர் எழுந்து வருவாரா?

நாலு வருஷமாக இந்த வீட்டில் நான்தான் தபால் ஆபீஸ். மகள் போன் செய்தால், “இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்” என்பார். அவள், “அப்பா மாத்திரை போடறாராம்மா?” என்று என்னிடம் கேட்பாள். அவர், “குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கினாளான்னு கேளு” என்று என்னிடம் சொல்வார். போன தீபாவளிக்கு வந்தவள், சாப்பிடும்போது தன் வேலையைப் பற்றி ஏதோ ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். இவர் பாதி இலையில் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து அவள் போய்விட்டாள். பொங்கலுக்கு வரவில்லை. ‘லீவு இல்லம்மா’ என்றாள். லீவு இருந்தது, எனக்குத் தெரியும். இன்னும் ஒரு தடவை இவர் அப்படிச் செய்தால் அவள் இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குப் பயம் வந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் போன் செய்து குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அம்மா, வெள்ளிக்கிழமை வர்றேன். நானே தனியா ஒரு பீர் பண்ணியிருக்கேன். வெனிலா போட்ட கறுப்பு பீர். அடுத்த வாரம் கடையில விற்பனைக்கு விடப்போறாங்க. போர்டுல என் பேரு போடறாங்க. அதுக்கு முன்னாடி அப்பா ருசி பார்த்துச் சொல்லணும்.”

“ஏண்டி, உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?”

“எனக்குத் தெரிஞ்சு அவரு நாக்கு மாதிரி நாக்கு யாருக்கும் இல்லம்மா. நீ கேளு.”

கேள் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். நான் என் தலையில் அடித்துக்கொண்டேன். சாயங்காலம் அவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“குடிக்க மாட்டேன்” என்றார்.

“ஆருங்க உங்களைக் குடிக்கச் சொன்னா? ருசி பாருங்கன்னுதானுங்க கேக்கறா.”

ரிமோட்டைக் கையில் உருட்டினார். “துப்பிப்போடலாமா?”

“துப்புங்க, மகராசனாத் துப்புங்க. துப்பிப்போட்டு, ‘நல்லாருக்குது’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்புடறேன்.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் மகள் வந்து சேர்ந்தாள். மைசூர், கூடலூர் வழியாக வந்த பஸ். வழியில் செக்போஸ்ட்காரர்கள் ஏறி, மலைக்குப் பிளாஸ்டிக் கொண்டுவரக்கூடாது என்று எல்லோருடைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டார்களாம். இவள் மடியில் வைத்திருந்த இரண்டு பெரிய ஸ்டீல் ஃப்ளாஸ்க்கைப் பார்த்து, “என்னம்மா, காப்பியா?” என்று கேட்டார்களாம். இவள் சிரித்தாளாம். அவர்கள் இறங்கிவிட்டார்களாம். இதை என்னிடம் பெருமையாகச் சொல்கிறாள். திறந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டீ டேஸ்டர் மகள் பீரோடு பிடிபட்டாள் என்று குன்னூர் முழுக்கப் பேசியிருப்பார்கள்.

அவர் நடக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சமையலறையில் ஒரு ஃப்ளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். நான் இந்தக் கருமத்தை வாழ்க்கையில் வாயில் வைத்ததில்லை. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு, கருப்பட்டிப் பாகு கணக்காக இருந்தது. முகர்ந்தால் பேக்கரி வாசனை, பிறந்தநாள் கேக் வாசனை. இவ்வளவு இனிப்பாக மணக்கிறதே என்று நம்பி ஒரு வாய் குடித்தால், அம்மாடி, வாயெல்லாம் கசப்பு. எப்படியோ விழுங்கினேன்.

“எப்படிம்மா இருக்குது?”

“நல்லாருக்குது கண்ணு.”

“நெசமாலுமா?”

“நெசமாத்தான்.”

“வேற ஏதாவது தெரியுதா? குடிச்சு முடிச்சப்புறம்?”

“வேற என்னடி தெரியணும்? நல்லாத்தான் இருக்குது.”

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் டம்ளரை வாங்கிக் குழாயில் கழுவி வைத்துவிட்டாள். பஸ்ஸில் வந்த களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் அவர் எழுந்து காப்பி வேண்டாம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. வெந்நீரில் வாயைக் கொப்பளித்தார். மேஜை விரிப்பை எடுத்துவிட்டுக் கோப்பைகளை வைத்தார். படிக்கத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். மகள் ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறாளே என்று அரிசிம்பருப்பு சோறு ஆக்கலாம், தேங்காய் அரைத்துவிட்டு ஒரு கோழிக்குழம்பு வைக்கலாம் என்று வெங்காயம் உரித்து வைத்திருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று, “இப்ப தாளிக்காதே” என்றார். உரித்த வெங்காயத்தை மூடி வைத்தேன். பிள்ளை பசியோடு இருக்கிறாள், இவருக்கு பீருக்குக்கூட அதே சட்டம்.

முதல் சண்டை கோப்பையில் ஆரம்பித்தது. மகள் அங்கிருந்து துண்டில் சுற்றி ஒரு கண்ணாடி கிளாஸ் கொண்டுவந்திருந்தாள். அடி குறுகி, வாய் கொஞ்சம் அகன்ற கிளாஸ். கறுப்பு பீரை அதில்தான் ஊற்ற வேண்டுமாம்.

“எனக்குக் கோப்பைதான் பழக்கம்” என்றார் அவர்.

“அப்பா, இது டீ இல்லீங்கப்பா. இந்த கிளாஸ்லதான் வாசம் நிக்கும்.”

“என் மூக்குக்கு நிக்கும். ஊத்து.”

நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்பையில் ஊற்றினாள். மேலே காப்பி நிறத்தில் நுரை அழகாக எழும்பி வந்தது. அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கரண்டியை எடுத்து அந்த நுரையை முழுக்க வழித்துப் படிக்கத்தில் போட்டார்.

“அப்பா! நுரையை எதுக்குங்கப்பா எடுத்தீங்க? அதுக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?”

“நுரை இருந்தா நிறம் தெரியாது.”

கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். கரண்டியில் எடுத்து, தன் வழக்கப்படி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு சர்ரென்று உறிஞ்சினார். தேயிலைத் தண்ணீரில் கேஸ் ஏது? பீரில் இருந்த கேஸ் நேராக மூக்குக்கு ஏறிவிட்டது. கண்ணெல்லாம் தண்ணீராக வழிய இருமினார், தும்மினார், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டினேன். இத்தனை வருஷம் தேயிலை உறிஞ்சியவருக்கு ஒரு கரண்டி பீரை உறிஞ்சத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மகள் சிரிக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடவை மெதுவாக உறிஞ்சினார். கண்ணை மூடி வாய்க்குள் சுழற்றினார். பிறகு குனிந்து துப்பினார். துப்பியபோது மகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. துப்புவார் என்று நான் முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தேன். இருந்தாலும் தன் கையால் ஆக்கியதைப் பெற்ற அப்பன் கண்ணெதிரில் துப்பினால் யாருக்குத்தான் தாங்கும்?

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நானே ஆடிப்போனேன்.

“கொஞ்சம் பால் கொண்டா.”

“பாலுங்களா? எதுக்குங்க?”

“இவ்வளவு கறுப்பா இருக்குதே. டஸ்ட் டீயெல்லாம் பால் ஊத்திப் பார்த்தாத்தான் கெட்டியா, வெறும் தண்ணியான்னு தெரியும்.”

“அப்பா, பீர்ல பால் ஊத்த மாட்டாங்கப்பா!”

“ஒரு கோப்பையிலதானே ஊத்தறேன்.”

கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் நிற்பார். பால் விழுந்ததும் திப்பி திப்பியாகத் திரிந்து, அந்தக் கோப்பை பார்க்கவே குமட்டியது. அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இது ஆகாது போலிருக்குது” என்று தள்ளி வைத்தார். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“சரி, எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்றேன் நான்.

“இன்னும் பார்க்கலை. ஆறட்டும்.”

“ஏற்கெனவே ஐஸ் மாதிரித்தானே இருக்குது, இன்னும் என்ன ஆறறது?”

“சில்லுன்னு இருந்தாலும் தப்பு தெரியாது, சூடா இருந்தாலும் தெரியாது. ரெண்டும் இல்லாம வரட்டும். அப்பத்தான் ரெண்டாம் ரவுண்டு.”

இந்த ரெண்டாம் ரவுண்டு தேயிலைக்கு எப்போதும் உண்டு. சூடாக ஒருமுறை பார்த்துவிட்டு, கோப்பைகளை அப்படியே விட்டுவிடுவார். ஆறிப்போன பிறகு மறுபடி ஒரு சுற்று வருவார். முதல் சுற்றில் நல்ல பெயர் வாங்கிய டீ இரண்டாம் சுற்றில் மாட்டிக்கொள்ளும். மகள், “பீரைச் சில்லுன்னுதான் குடிப்பாங்க” என்று மெல்லிய குரலில் சொன்னாள். ஆனால் ரொம்ப வற்புறுத்தவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பசியும் கோபமுமாக இருந்தேன்.

பீர் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தோம். அவர் பின்பக்கம் போய் ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

“ஏனுங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். நல்லாருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. இந்தத் தடவ அவ மனசு நொந்து போனான்னா இனி வரமாட்டாளுங்க. எனக்கு இருக்கறது ஒரே ஒரு புள்ளைங்க.”

“எனக்கு மட்டும் ரெண்டா இருக்குது?” என்றார். அப்புறம், “கோப்பைகிட்ட உக்காந்து பொய் சொல்ல எனக்கு வராது” என்றார்.

“வரலைன்னா வரவெச்சுக்குங்க. இத்தன வருசமா எஞ்சோத்தைத் தின்னதுக்கு ஒரு பொய் சொல்ல முடியாதுங்களா?”

அவர் அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார். இந்த மனுஷனோடு மல்லுக்கட்டுவதைவிட அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார். கோப்பையில் நுரையும் இல்லை, கேஸும் இல்லை. சும்மா கறுப்பாகக் கிடந்தது. கரண்டியில் எடுத்து உறிஞ்சினார், துப்பினார். மறுபடி எடுத்தார். இந்த முறை ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் துப்பினார். மகள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“வெனிலா ஜாஸ்தி” என்றார்.

“சரிங்கப்பா.”

“ஆசைக்கு ஜாஸ்தியாப் போட்டதில்ல இது. எதையோ மூடறதுக்குப் போட்டிருக்குது. அடியில கருகல் இருக்குது. சில்லுன்னு இருந்தப்ப தெரியலை. இப்ப நாக்கைப் போட்டு வறட்டுது. ஃபேக்டரியில டீயைத் தீய விட்டுப்போட்டு, ஏலக்காயைக் கொட்டி மசாலா டீன்னு கொண்டுவருவானுங்க. அதே வேலை.” கரண்டியைக் கீழே வைத்தார். “இது வேண்டாம்.”

மகள் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். “நீங்க மனுசனா, மரக்கட்டையா? அவ என்ன உங்களுக்கு சாம்பிள் பொட்டலமா? அம்புட்டு தூரத்துல இருந்து மடியில வெச்சுத் தூக்கிக்கிட்டு வந்திருக்குதே, அந்தப் புள்ளைய இப்படியா தூக்கிப் போடுவீங்க? என் சாம்பாரைச் சொன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். எங்க அண்ணியை அழ வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். அவ இனி வரலைன்னா நானும் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன், ஆமா!” அவர் தலையைக் குனிந்துகொண்டு கரண்டியைத் துடைத்தபடி இருந்தார். துடைத்த கரண்டியையே மறுபடி மறுபடி துடைத்தார்.

நான் வெளியே ஓடினேன். துணி காயப்போடுகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டி மேல் கோப்பையை வைத்துவிட்டு மகள் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அவரு கெடக்கறாரு வுடு கண்ணு. அவருக்கு அந்தப் பாழாப்போன டீயைத் தவிர என்ன தெரியும்? பீரைப் பத்தி அவரு என்னத்தைக் கண்டாரு?”

“அவரு சொன்னது சரிதாம்மா.”

“என்னது?”

“கருகல் இருக்குதும்மா. வறுத்த பார்லியை நான் அளவுக்கு மேல போட்டு, ரொம்ப நேரம் ஊற விட்டுட்டேன். என் தப்புதான். காய்ச்சி முடிச்சு ருசி பார்த்தா நாக்கு வறண்டுது. ஓனர்கிட்டச் சொன்னேன். ‘வெனிலாவை ரெண்டு மடங்கு போடு, எவனுக்கும் தெரியாது’ன்னாரு. போட்டேன். அப்புறம் அங்க இருக்கறவங்க எல்லாரும் குடிச்சுட்டு சூப்பர், சூப்பர்ங்கறாங்க. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. நெசமாவே மறைஞ்சுருச்சோன்னு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நேத்து நீ நல்லாருக்குன்னு சொன்னப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பாவும் அதையே சொல்லிட்டா, கம்முன்னு போர்டுல பேரைப் போட்டு வித்துறலாம்னு இருந்தேன். அவரு கண்டுபிடிக்கணும்னுதாம்மா நான் வந்ததே.”

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்காக ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு, காலைப் பிடிக்காத குறையாகக் கட்டின புருஷனிடம் கெஞ்சி, கடைசியில் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிவிட்டு வந்து நிற்கிறேன். இவள் மாட்டிக்கொள்வதற்காகவே வந்திருக்கிறாளாம்! அப்பனும் மகளும் ஒரே மண்ணில் பிசைந்த ஆட்கள். நடுவில் நான் ஒருத்தி பைத்தியக்காரி.

“இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?”

“சொல்லியிருந்தா நீ அப்பாகிட்டச் சொல்லிக் குடுத்திருப்பியே.”

அதுவும் உண்மைதான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அங்கேயே நின்றபடி கடை ஓனரை அழைத்தாள். பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம். எனக்குப் பாதிதான் புரிந்தது. இந்த பீரை விடக்கூடாது, டேங்க்கோடு கொட்டிவிட வேண்டும், அப்படியும் விற்பதாக இருந்தால் தன் பெயரைப் போர்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிறாள். அந்தப் பக்கம் அந்த ஆள் கத்துவது எனக்கே கேட்டது. இவள் குரல் உயரவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இடையில் அந்த ஆள் போனை வைத்துவிட்டான்.

“வேலை போயிருமா கண்ணு?”

“தெரியலைம்மா. போனாலும் போகும்.”

திரும்பிப் பார்த்தால் பின்வாசல் படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. அவருக்குக் கன்னடம் நன்றாகவே வரும். என் வீட்டுக்காரரைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டேன். சாமி, இப்பவாவது வாயைத் திறந்து ஏதாவது பேசுங்களேன். படியிறங்கி வந்தார். தொட்டி மேல் இருந்த கோப்பையை எடுத்து, மிச்சத்தைச் செடி ஓரமாகக் கொட்டினார்.

“மறுபடியும் காய்ச்சறதுக்கு எத்தன நாளாகும்?” என்று கேட்டார்.

அந்த வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. மகளுக்கு அது புரிந்துவிட்டது.

“ஒரு மாசம் ஆகும்ங்கப்பா. ஆனா அங்க இனி என்னைக் காய்ச்ச விடுவாங்களான்னே தெரியலீங்க.”

“அங்க இல்லைன்னா வேற எடம். எங்க காய்ச்சினா என்ன? வெனிலாவைப் பாதியாக் கொறை. கூடலூர்ல நல்ல வெனிலாக் காய் கெடைக்கும், நான் கேட்டு வெக்கறேன். காய்ச்சினதும் எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வா சாமி.”

சொல்லிவிட்டுக் கோப்பையோடு உள்ளே போக ஆரம்பித்தார். மகள் என் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

“ஏனுங்க!” என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். “பெத்த புள்ளைய ஊட்டுக்கு ‘வா’ன்னு கூப்புட உங்களுக்கு நாலு வருசமாச்சுங்களா?”

அவர் அப்படியே நின்றார். திரும்பவில்லை. “போய்த் தாளி, புள்ள பசியோட இருக்குது” என்றார்.